டெக்சாஸிலிருந்து கானாடுகாத்தானுக்கு: என் ஏழு துப்பாக்கிகளை என்ன செய்தேன்

ஊர் திரும்ப எண்ணியிருக்கும் நம்மவர்கள் சிலர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: “அங்கே வைத்திருந்ததையெல்லாம் என்ன செய்தீர்கள்?” நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2001-இல் ஹூஸ்டன் போனேன். 2022 ஜூனில் மனைவி, மகளோடு கானாடுகாத்தான் வீட்டுக்கே திரும்பிவிட்டேன். அப்பச்சிக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, அப்போது 79 வயது. ஆத்தாவை முழங்கால் வலி வாசல்படி இறங்க விடவில்லை. அத்தனை பெரிய வளவில் இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். திரும்புவதைப் பற்றி எங்களுக்குள் இரண்டாவது பேச்சே எழவில்லை. பேச்செல்லாம் துப்பாக்கிகளைப் பற்றித்தான்.

கிரீன் கார்டு கிடைத்த பிறகு, 2009-இல் முதலாவதை வாங்கினேன். வின்செஸ்டர் மாடல் 94 ரைஃபிள். மான் வேட்டைக்குப் போகும் அலுவலக நண்பர் ஒருவர் பழக்கிவிட்டார். அதன் பின் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஏழாயின. டெக்சாஸில் இது பெரிய எண்ணிக்கையே இல்லை. ஒரு துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க அங்கே உரிமம் என்ற ஒன்றே கிடையாது. 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பிய, வேறு சட்டத் தடை இல்லாத ஒருவர் கைத்துப்பாக்கியைக்கூட உரிமம் இல்லாமலே உடன் எடுத்துச் செல்லலாம் என்று ஆகிவிட்டது. அந்த ஊரில் இருபது ஆண்டு வாழ்ந்தவனுக்கு நம் ஊர்ச் சட்டம் எவ்வளவு இறுக்கமானது என்பது மறந்தே போயிருந்தது.

என் ஏழில் நான் அதிகம் நேசித்தது ஒரு .303 லீ என்ஃபீல்ட். டெக்சாஸில் ஒரு கடையில் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கு நடுவே சாத்தி வைத்திருந்தார்கள். தூக்கிப் பார்த்தேன். கைப்பிடிக்கு மேலே இரும்பு வளையத்தில் ஒரு கிரீடம், அதன் கீழே ‘இஷாப்பூர்’, அதற்கும் கீழே 1943. வங்காளத்தில் செய்த துப்பாக்கி. நம் ஊர்க் காவலர்கள் பல்லாண்டுகள் தோளில் சுமந்ததும் இதே வகைதான். கட்டையில் யாரோ கத்தியால் கீறிய ஒரு கோடு இருந்தது. எந்தச் சிப்பாய், எந்தப் போர்முனை என்று நினைத்துக்கொண்டே அதைத் தடவியிருக்கிறேன். இந்தியாவில் பிறந்த அந்தத் துப்பாக்கியை நான் இந்தியாவுக்குக் கொண்டுவர முடியாது. இங்கே .303 தடை செய்யப்பட்ட ரகம். என் 9 எம்.எம். கிளாக் கைத்துப்பாக்கியும் அப்படித்தான். சாதாரணக் குடிமகனுக்கு இவற்றுக்கு உரிமம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து திரும்புபவர், அனுமதிக்கப்பட்ட ரகத்தில் ஒரே ஒரு துப்பாக்கியைக் கொண்டுவரலாம். அதை அங்கே ஓராண்டாவது சொந்தமாக வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும். இங்கே அதற்கு உரிமம் வேண்டும். சுங்கவரி உண்டு. கொண்டுவந்த பின் விற்கவோ கைமாற்றவோ கூடாது. இது இந்தியப் பக்கம். அமெரிக்காவிலிருந்து வெளியே எடுப்பதற்கு அந்நாட்டு வணிகத் துறையின் ஏற்றுமதி விதிகள் தனியாக இருக்கின்றன. ஒன்றைக் கொண்டுவர இரண்டு நாட்டு அரசுகளின் தாள்களும் ஒரே நேரத்தில் கைக்கு வர வேண்டும். மூன்று மாதம் அலைந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அந்த அலைச்சலில்தான் ஒருவர் எனக்கு அந்த யோசனையைச் சொன்னார். யார் என்று எழுதப் போவதில்லை. “கழற்றி உதிரியாகப் போட்டுவிடுங்கள். தூத்துக்குடிக்குப் போகிற வீட்டுச் சாமான் கண்டெய்னரில், தையல் மெஷினோடு குழல், சமையல் பாத்திரத்தோடு போல்ட். யார் கண்டுபிடிப்பார்கள்?” என்றார். எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. ஆயுதச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்றால் அதன் பாகங்களும் சேர்த்திதான். தடை செய்யப்பட்ட ரகம் என்றால் சிறை ஆண்டுக்கணக்கில். பெட்டி என் பெயரில் வருகிறது, பெட்டியைத் திறக்க வருகிறவர்கள் என் வயதான தகப்பனார் வீட்டு வாசலில் நிற்பார்கள். இப்படி யோசனை சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இதை மட்டும் என் தம்பிமார்கள் யாவரிடமும் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன்.

அன்றிரவு அப்பச்சியிடம் தொலைபேசியில் பேசினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அங்கே உள்ளதை அங்கேயே ஐந்தொகை போட்டு முடித்துவிட்டு வா, தம்பி. நானும் ஒன்றைக் கொடுத்தவன்தான்” என்றார்.

அவர் சொன்னது 2020-இல் நடந்தது. அப்பச்சியிடம் உரிமத்தோடு மூன்று இருந்தன: ஐயா (என் தாத்தா) காலத்து இரட்டைக் குழல், ஒரு .22 ரைஃபிள், ஒரு .32 ரிவால்வர். ஒருவருக்கு மூன்று வரை என்பது பழைய கணக்கு. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாக்கியது. பரம்பரைச் சொத்து என்றாலும் விலக்கு இல்லை. மிகுதியை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். அப்பச்சி .22-ஐக் கொடுத்தார். எனக்கு ஏழு வயதில், தோட்டத்துக் கிணற்றடியில் கொட்டாங்குச்சிகளை வரிசையாக அடுக்கி அப்பச்சி சுட்டதை வாய் பிளந்து பார்த்தது அதில்தான். கொடுத்ததை அவர் என்னிடம் அதுவரை சொல்லவே இல்லை.

பிறகு வேகமாக முடித்தேன். நான்கை உரிமம் பெற்ற கடைக்காரரிடமே விற்றேன். விலை குறைவுதான், ஆனால் பதிவு சுத்தமாக இருக்கும். ஒன்றை அலுவலக நண்பர் வாங்கிக்கொண்டார். வின்செஸ்டரையும் .303-ஐயும் விற்க மனம் வரவில்லை. ஹூஸ்டனிலேயே இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்தேன். ஒரே மாநிலத்தில் இருவருக்குள் கைமாற்றக் கடைக்காரர் தேவையில்லை என்றாலும், கடை வழியாகவே படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடித்துக் கொடுத்தேன். நாளை எங்கோ ஏதோ நடந்தால், அது என் கையைவிட்டு எந்தத் தேதியில் போனது என்பதற்குத் தாள் இருக்க வேண்டும். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். வேறு மாநிலத்திலோ நாட்டிலோ குடியேறிவிட்ட பிறகு தனியாள் ஒருவருக்கு நேரடியாகக் கொடுக்க முடியாது, கடை வழியாகத்தான் போக வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மகள் என் பழைய பச்சைப் பையைக் கைப்பையாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். சுடுகளத்துக்குப் போகும்போது தூக்கிப் போவேனே, அந்தப் பை. துவைத்துக் காயவைத்ததுதான். ஏதோ தோன்றி, கவிழ்த்து உதறினேன். ஒன்றும் விழவில்லை. பக்கப் பையின் அடியில் தையல் விட்டிருந்த இடத்தில் விரலை விட்டேன். துணிக்கும் உள் துணிக்கும் நடுவே சில்லென்று ஏதோ பட்டது. 9 எம்.எம். தோட்டா ஒன்று. சுண்டுவிரல் முதல் கணு அளவுதான் இருக்கும். அது என் மகளின் தோளில் தொங்கியபடி சென்னை விமான நிலையத்தில் இறங்கியிருக்கும். சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதன் பின் வீட்டிலிருந்த எல்லாப் பைகளையும், கோட்டுப் பைகளையும், கார் இருக்கை அடியையும் இருவரும் இரவு முழுக்கத் தடவினோம். மேலும் இரண்டு கிடைத்தன.

ஊர் வந்தபின் நடந்தது சுருக்கமானது. உரிமம் வைத்திருப்பவர் 70 வயது தாண்டினாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016 விதிகளில் இடம் இருக்கிறது. இரட்டைக் குழலை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தேன். சிவகங்கை ஆட்சியர் அலுவலகம், வட்டாட்சியர் விசாரணை, காவல்துறை விசாரணை, மருத்துவச் சான்று, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, வீட்டில் எங்கே பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி. பதினான்கு மாதம் ஆனது. ஒருவர்கூட என்னிடம் தவறாக நடந்துகொள்ளவில்லை. விசாரணைக்கு வந்த காவலர் பட்டாலையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, “ஏழு வைத்திருந்தவருக்கு ஒன்று போதுமா?” என்று கேட்டார். போதும் என்றேன். அப்போது உண்மையாகவே போதும் என்று இருந்தது.

*

தேவகோட்டையிலிருந்து ஒரு சகோதரி:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் கதையையும் எழுதத் தோன்றியது. நான் வேறு நாட்டுக்குப் போனவள் அல்ல. என் வீட்டுக்காரர் காலமானபின் சட்டம்தான் என் வீட்டுக்குள் மாறிவிட்டது. அவர் பெயரில் ஒரு துப்பாக்கி இருந்தது. கருமாதி முடிந்து மூன்று மாதம் வரை அது அலமாரியில் இருப்பதே எனக்கு நினைவில்லை. பிள்ளைகள் ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் சிகாகோவில். உரிமக்காரர் இறந்த நாளிலிருந்து அது உரிமம் இல்லாத துப்பாக்கி, தாமதிக்காமல் ஒப்படைக்க வேண்டும் என்று வக்கீல் ஒருவர் சொல்லித்தான் தெரியும். தனியாக ஆட்டோவில் எடுத்துப் போகப் பயம். நிலையத்துக்குத் தகவல் சொன்னேன், அவர்களே வந்து ரசீது கொடுத்து எடுத்துப் போனார்கள். பிள்ளைகள் இருவருமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததும், வியாபாரி வழியாக விற்றாயிற்று. வீட்டில் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, புத்தகம் எந்தப் பெட்டகத்தில் இருக்கிறது என்பதைப் பெண்களிடமும் சொல்லி வையுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

*

கோனாபட்டைச் சேர்ந்தவர், இப்போது சான் ஹோசேயில்:

நாடு மாற வேண்டியதில்லை, மாநிலம் மாறினாலே போதும். டல்லாஸிலிருந்து கலிஃபோர்னியா வந்தேன். குடியேறிய 60 நாளுக்குள் ஒவ்வொரு துப்பாக்கியையும் மாநில நீதித் துறைக்குப் படிவம் போட்டுத் தெரிவிக்க வேண்டும். பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு) எதுவும் உள்ளே வரக்கூடாது. கைத்துப்பாக்கி சட்டப்படி சரி, அதோடு டப்பாவில் வந்த பதினைந்து தோட்டா மேகசின் சட்டப்படி தவறு. இந்த நுணுக்கம்தான் ஆட்களை மாட்டிவைக்கிறது. வழியில் காரில் வரும்போது தோட்டா ஏற்றாமல், கைக்கு எட்டாத இடத்தில், பூட்டிய பெட்டியில் வைத்திருந்தேன். பல மாநிலங்களைக் கடப்பவருக்கு மத்தியச் சட்டம் அப்படித்தான் பாதுகாப்புத் தருகிறது. எல்லையைத் தாண்டும் முன்பே டெக்சாஸ் கடையில் மேகசின்களை விற்றுவிட்டேன். முன்கூட்டியே படித்துவிட்டுக் கிளம்பியதால் தப்பித்தேன்.

*

காரைக்குடியிலிருந்து ஒருவர்:

மகளின் பையில் கிடைத்த தோட்டாவைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. அயித்தியாண்டி முறையாகும் என் உறவினருக்கு அது நடந்தேவிட்டது. அவர் தகப்பனார் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்தவர். தகப்பனாருடைய பழைய தோல் பையை எடுத்துக்கொண்டு இவர் விமானம் ஏறப் போனார். எக்ஸ்ரேயில் ஒரு தோட்டா. விமானம் போய்விட்டது, வழக்கு வந்தது. பையில் இருப்பது தெரிந்தே வைத்திருந்தார் என்று நிரூபித்தால்தான் குற்றம் நிற்கும் என்று வாதாடி, கடைசியில் உயர் நீதிமன்றத்தில் வழக்கு ரத்தானது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்க முடியாமல் வேலையும் போயிற்று. தகப்பனார், ஐயா வைத்திருந்த பை எதுவானாலும் தையல் வரை பிரித்துப் பாருங்கள்.

கானாடுகாத்தான் அண்ணனிடம் ஒரு கேள்வி. தேர்தல் வந்தால் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, பழைய துப்பாக்கி அங்கே கெட்டுப் போகாதா?

*

கானாடுகாத்தான்:

நல்ல கேள்வி. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச்சில் ஒப்படைத்தேன். பெயரும் உரிம எண்ணும் எழுதிய அட்டையைச் சணல் கயிற்றில் கோர்த்துக் கட்டினார்கள், ரசீது கொடுத்தார்கள். ஜூனில் முடிவுகள் வந்தபின் திரும்பக் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அப்பச்சி கேட்டு வாங்கிக்கொண்டார். முற்றத்துக்குப் போய், குழலை மடித்து, வானத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். “இடது குழலில் பாதிக்கு மேலே துரு” என்றார். மிளகு அளவுதான். வெண்கலத் தூரிகையும் எண்ணெயும் போட்டு இரண்டு நாளில் எடுத்துவிட்டோம்.

ஆகவே ஒப்படைக்கும் முன் குழலுக்குள் துப்பாக்கி எண்ணெய் தாராளமாகப் போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகிவிடும். உறை தோலாக இருந்தால் ஈரம் பிடிக்கும், பழைய பருத்தி வேட்டியில் சுற்றிக் கொடுங்கள். அட்டைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் உப்பிவிடும், குழலில் நுழையாததை அழுத்தித் திணிக்காதீர்கள். ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் துப்பாக்கியின் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று ஒத்துப் பாருங்கள். எனக்கு ஓர் இலக்கம் மாறியிருந்தது. சொன்னதும் உடனே திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.