கோவிட் கேஸ்கள் குறைந்த பிறகுதான் எனக்கு மோசமாகிறது. வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?

ஐசியூ_சிஸ்டர் (ஜூன் 2021)

கோவிட் ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸ் நான். அரசு மருத்துவமனை, ஒப்பந்தப் பணி, ஊர் பெயர் வேண்டாம். மே மாதம் எப்படி ஓடியது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் பாசிட்டிவ் வந்த அந்த வாரத்தில் எங்கள் ஐசியூவில் ஒரு சிஸ்டருக்கு எட்டு பத்து நோயாளிகள், அதில் பாதிப் பேர் வென்டிலேட்டரிலோ, முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப்பிலோ. வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு சிஸ்டர் என்றுதான் படித்து வந்தோம். பிபிஇ போட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது, பீரியட்ஸ் நாளிலும் அதேதான். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெயின் தெரியாமல், ரெண்டு கிளவுஸுக்கு மேல் தடவித் தடவிப் பார்த்து லைன் போட்டோம். அப்போது நான் அழவில்லை. பயப்படக்கூட நேரம் இருக்கவில்லை.

இப்போது படுக்கைகள் காலியாகின்றன. இப்போதுதான் எனக்கு என்னவோ ஆகிறது. தூக்கம் வருவதில்லை, வந்தாலும் மானிட்டர் அலாரம் கேட்டு எழுந்து உட்காருகிறேன், வீட்டில் குக்கர் விசில் வந்தால்கூடப் படபடப்பு. பிள்ளை வந்து ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறேன். ஆனால் தெரிந்தவர் யாராவது இறந்துவிட்டார் என்று சொன்னால் மனசில் ஒன்றுமே அசைவதில்லை, மரத்துப்போய்விட்டது.

அட்டெண்டர், அதாவது நோயாளியின் உறவினர், உள்ளே வரக்கூடாது என்பதால் நாங்கள்தான் ஃபோனைப் பிடித்து வீடியோ காலில் குடும்பத்தைக் காட்டுவோம். ஒரு அம்மா, ட்யூப் போடுவதற்குச் சற்று முன்னால் மகளிடம் பேசி முடித்துவிட்டு, என்னைப் பார்த்து "நீ சாப்பிட்டியா பாப்பா" என்று கேட்டார்கள். அவர்கள் பிழைக்கவில்லை. அந்தக் குரல் எந்த வேலை செய்தாலும் வந்துவிடுகிறது.

இது தானாகச் சரியாகுமா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா? எங்கள் ஆஸ்பத்திரி சைக்யாட்ரி ஓபியில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் எல்லா வார்டுக்கும் தெரிந்துவிடும். ஒப்பந்தம் நீட்டிக்கும் நேரத்தில் அதைக் காரணம் காட்டிவிடுவார்களோ என்றும் பயம். வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் "எல்லாம்தான் முடிஞ்சிடுச்சே, இப்ப என்ன" என்கிறார். அவருக்கு எப்படிச் சொல்வது?

---

பழைய_சார்ஜ்_சிஸ்டர்

சிஸ்டர், முதலில் ஒன்று. பதற்றத்தைத் தணிக்க வார்டில் வைத்திருக்கும் அல்பிரசோலம் மாத்திரையை யாரையும் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். தூக்கத்துக்கு என்று அரை மாத்திரையில் ஆரம்பித்து, அது இல்லாமல் டியூட்டிக்கே வர முடியாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாம் மருந்து தெரிந்தவர்கள் என்பதாலேயே நமக்கு அந்த ஆபத்து கூட.

உங்களைப் போலவே சொல்லி எனக்கு ஃபோன் செய்யும் பிள்ளைகள் பலர். எல்லோருமே நன்றாக வேலை பார்க்கிறவர்கள், ஓடுகிற நேரத்தில் தாங்கிவிட்டார்கள், நின்றதும்தான் வருகிறது. கட்டாயம் டாக்டரைப் பாருங்கள்.

---

மனநலம்_பிஜி

மனநல மருத்துவம் படிக்கிறேன், நானும் கோவிட் டியூட்டி பார்த்தவன்தான், அதனால் ரெண்டு பக்கமும் தெரிந்து எழுதுகிறேன்.

அலை முடிந்த பிறகு வருவது புதிதல்ல. 2003ல் கனடாவின் டொரண்டோவில் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று பரவியபோது அதற்குச் சிகிச்சை தந்த மருத்துவமனைகளின் ஊழியர்களை, சார்ஸ் நோயாளிகளைப் பார்க்காத மருத்துவமனைகளின் ஊழியர்களோடு பின்னாளில் ஒப்பிட்டார்கள். நோய் ஓய்ந்து ஒரு வருடம் தாண்டியும் முதல் கூட்டத்தில்தான் மன உளைச்சலும் வேலையில் வெறுப்பும் அதிகம், வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டவர்களும் அதிகம். போதுமான பயிற்சியும் ஆதரவும் கிடைத்தது என்று உணர்ந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவாக இருந்தது. இதை உங்கள் நர்சிங் சூப்பரின்டெண்டென்டிடம் யாராவது எடுத்துச் சொல்லலாம்.

நீங்கள் சொல்லும் திடுக்கிடல், திரும்பத் திரும்ப வரும் குரல், மரத்துப்போதல், எரிச்சல், இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வீட்டையும் வேலையையும் தொட ஆரம்பித்தால் காத்திருக்க வேண்டாம். இதற்கென்றே பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. மாத்திரை வேலை செய்யத் தொடங்க ரெண்டு முதல் நாலு வாரம் ஆகும், அதற்குள் "பயனில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் நிறைய. உங்களுக்கே கோவிட் வந்து போயிருந்தால் அதைச் சொல்லுங்கள், அதற்குப் பின்னும் தூக்கமின்மையும் அசதியும் வரும். ஹீமோகுளோபின், தைராய்டு ரெண்டும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைப்பது சில இடங்களில் நடக்கிறது. அப்படி ஒருமுறை கிளறிவிடுவதால் பின்னால் வரும் பாதிப்பைத் தடுக்க முடிவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. விருப்பமில்லை என்றால் மறுத்துவிடுங்கள்.

ரகசியம் பற்றி: 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23வது பிரிவு உங்கள் சிகிச்சை விவரங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் அதைக் கொடுக்கக் கூடாது. நடைமுறையில் வராண்டாவில் பேசுவார்கள் என்பது எனக்கும் தெரியும். அதனால் பக்கத்து மாவட்ட மருத்துவக் கல்லூரி ஓபிக்குப் போங்கள், உங்கள் நோயை நிர்வாகத்திடம் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வீட்டுக்காரரையும் கூட அழைத்துப் போங்கள். நீங்கள் ரெண்டு மணி நேரம் விளக்குவதை வெளியாள் ஒருவர் பத்து நிமிடத்தில் புரியவைத்துவிடுவார்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் லேசாக வந்தாலும் ஓபி நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அரசு உதவி எண் 104க்கு அழையுங்கள், தற்கொலைத் தடுப்புக்கான சென்னை ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. வீட்டில் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

---

லேப்_டெக்னீஷியன்_சேலம்

டாக்டர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் சிகிச்சை முடிந்து சிஸ்டர் திரும்பி வரப்போவது அதே எட்டு பத்து நோயாளிகளுக்குத்தானே? உலக சுகாதார நிறுவனமே 2019ல் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் வரும் முழுச் சோர்வை, ஒரு நோயாகக் கருதாமல், வேலையிடத்து நெருக்கடியைச் சரியாகக் கையாளாததால் வருவது என்றுதானே வகைப்படுத்தியது. எங்களுக்கு மன அழுத்தம் என்று சொன்னபோது ஆன்லைன் யோகா வகுப்பு வைத்தார்கள், அதுவும் நைட் டியூட்டி முடிந்து வரும் நேரத்தில். யோகாவில் தவறில்லை, ஆனால் நாங்கள் கேட்டது ஆள். ஒரு ஷிஃப்டுக்குக் கூட ரெண்டு பேர், டியூட்டி முடிந்ததும் குளிக்கவும் படுக்கவும் ஒரு அறை, சூடான சாப்பாடு, சம்பளம் தேதிக்கு வர வேண்டும். 2020 மார்ச்சில் கைதட்டினார்கள், மே மாதம் ஹெலிகாப்டரில் பூத் தூவினார்கள், மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது, இன்னொரு சிஸ்டரை அனுப்பியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சென்னை ராஜீவ்காந்தி ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதே, உள்ளே படுக்கை இல்லாமல் அந்த வண்டிகளிலேயே ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டு. அங்கே யாரை முதலில் இறக்குவது என்று முடிவெடுத்த ஹவுஸ் சர்ஜனுக்கு இருபத்துமூன்று வயது இருக்குமா? அந்தப் பாரத்தை அந்தப் பிள்ளையின் மனப் பலவீனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

---

துப்புரவுத்தாயின்_மகள்

டாக்டர், சிஸ்டர் பற்றியாவது பேசுகிறோம். என் அம்மா ஒப்பந்த ஹவுஸ்கீப்பிங். உடலைப் பையில் போட்டு மூடி, பைக்கு வெளியே ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி அடித்து, மார்ச்சுவரிக்குத் தள்ளிக்கொண்டு போகிற வேலை அவருக்குத்தான் வந்தது. தொடர்ந்து போகச் சொன்னார்கள், அவருக்கு யாரும் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. தெருவில் குழாயடியில் தண்ணீர் பிடிக்கவிடாமல் விரட்டினார்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் கல்லெறிந்தார்களே, டிவியில் அதைப் பார்த்த அன்று அம்மா "டாக்டருக்கே இப்படின்னா நமக்கு" என்றார். அந்த வாரமே மத்திய அரசு மருத்துவப் பணியாளர்களைத் தாக்கிப் பலத்த காயம் ஏற்படுத்தினால் ஏழு வருடம் வரை சிறை என்று அவசரச் சட்டம் போட்டது, ஆனால் குழாயடிக்குச் சட்டம் வராதே.

அம்மா இப்போதும் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறார், தோல் உரிந்துவிட்டது. இதுவும் நீங்கள் சொல்வதில் சேர்த்தியா டாக்டர்?

---

மனநலம்_பிஜி

சேர்த்திதான் அம்மா. தோல் உரியும் அளவுக்குக் கழுவுகிறார் என்றால் அதற்கும் சிகிச்சை உண்டு, நன்றாகக் குறையும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் ஓபி இருக்கும், கட்டணம் கிடையாது, அம்மாவை அங்கே அழைத்துப் போங்கள். "மனசு சரியில்லை" என்று ஆரம்பித்தால் வர மறுக்கலாம், கை புண்ணைக் காட்டப் போகிறோம் என்று சொல்லியே அழையுங்கள், அது பொய்யும் இல்லை.

---

ஐசியூ_சிஸ்டர்

எல்லோருக்கும் நன்றி. வெளி மாவட்ட ஓபிக்குப் போய்விட்டு வந்தேன், வீட்டுக்காரரும் வந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒன்றும் பேசவில்லை, மறுநாள் காலை பிள்ளையை அவரே குளிப்பாட்டிப் பள்ளிக்கூட ஆன்லைன் வகுப்பில் உட்காரவைத்துவிட்டு என்னைத் தூங்கச் சொன்னார். தூக்கம் இன்னும் முழுதாக வரவில்லை. துப்புரவுத்தாயின் மகளுக்கு: அம்மாவைப் பார்த்தால் எங்கள் வார்டு அக்காக்கள் சார்பில் கும்பிட்டேன் என்று சொல்லுங்கள், அவர்கள் இல்லாமல் ஒரு ஷிஃப்ட் நடந்திருக்காது.

---

எம்ஆர்பி_2020 (பிப்ரவரி 2023)

பழைய இழைதான், ஆனால் இன்று இதைத் தேடி வருகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். 2020ல் கோவிட்டுக்கு என்று எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) எடுத்த நர்ஸ்கள் நாங்கள், எங்கள் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஓடு முடிந்தது, நாங்கள் ரெண்டாயிரம் பேருக்கு மேல். மாற்றுப் பணி தருவோம் என்று அரசு சொல்லியிருக்கிறது, ஆனால் நிரந்தர வேலை கேட்டுத்தான் தெருவில் உட்கார்ந்தோம். உயிரைக் கொடுத்து வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு தாளில் வெளியே அனுப்பியதும், 2021 மே மாதத்தில் வந்த அந்தத் தூக்கமின்மை அப்படியே திரும்பி வந்துவிட்டது. எனக்கு மட்டும் இல்லை, எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் தினமும் யாராவது அதிகாலை மூன்று மணிக்கு விழித்திருக்கிறார்கள்.

இப்போது 14416 என்று டெலிமானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், வந்திருக்கிறது, 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. நான் பேசினேன். எடுத்தவர் அவசரப்படாமல் கேட்டார், பக்கத்தில் எந்த ஓபி என்றும் சொன்னார். திருச்சி, பெரம்பலூர் பக்கம் தனியாகப் போகத் தயங்குகிற சிஸ்டர் யாராவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள், ஓபிக்கு நான் கூட வருகிறேன்.