மணவாளக்குறிச்சியின் முதல் மோனசைட் ஆலையில் எஞ்சியது என்ன?

கேள்வி (நாகர்கோவில் வாசகி)

ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தோரியம் கலந்த கனிமம் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார் என்றும், அதன் பிறகே நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் முதல் ஆலை எழுந்தது என்றும் அறிகிறேன். கோலார் தங்கவயலில் சுரங்க வாய்களும் கழிவு மேடுகளும் இன்றும் நிற்கின்றன. நம் கடற்கரையில் அப்படி எதுவும் கண்ணில் படாதது ஏன்? ஒரு ஜெர்மானியருக்கு இந்த மணல் எதற்கு?

பதில் 1 (குளச்சல்)

அம்மா, இரண்டாவது கேள்விக்கு விடை பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலில், அதாவது சூடானதும் ஒளிரும் வலைப் பையில் இருக்கிறது. ஜெர்மனி, பிரேசிலின் மோனசைட்டை நம்பியிருந்த அக்காலத்தில், மேன்டிலுக்குத் தேவையான தோரியம் என்ற தனிமம் நம் மணலில் அதைவிடக் கூடுதலாக இருந்தது. மேன்டிலில் ஏறத்தாழ 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடு. எஞ்சிய சிறு பங்கான சீரியம்தான் அதை அவ்வளவு வெண்மையாக ஒளிரச் செய்கிறது. முதல் உலகப் போர் தொடங்கியதும் ஷோம்பெர்க் கைதானார். தொழில் பிரித்தானியர் கைக்குச் சென்றது. பின்னர் மின்விளக்கு பரவியதால் மேன்டிலின் தேவை குறைந்தது. வெள்ளை வண்ணப்பூச்சுக்கு வேண்டிய இல்மனைட் முன்னுக்கு வந்தது.

பதில் 2 (தக்கலை)

தங்கவயலோடு ஒப்பிடுவதில்தான் சிக்கல் இருக்கிறது. அங்கே பாறைக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்குக் குடைந்தார்கள். அதனால் 2001-இல் மூடிய பிறகும் அடையாளங்கள் நிலைத்தன. இங்கே குடைவதற்கு ஒன்றுமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியே கடலுக்கு வந்த கனமான துகள்களைத் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் கரையில் ஒதுக்கிவிடுகின்றன. இலேசான வெண்மணலைக் கடல் திரும்ப இழுத்துக்கொள்கிறது. அந்தக் கறுப்பு மணலை அள்ளி, காந்தத்தாலும் மின்னேற்றத்தாலும் இல்மனைட், சிர்க்கான், கார்னெட், மோனசைட் எனப் பிரிக்கிறார்கள். அள்ளிய கரையை அடுத்த பருவத்து அலைகளே மீண்டும் நிரப்பிவிடும்போது குழி எப்படி மிஞ்சும்?

பதில் 3 (திருவட்டாறு)

தொழில் நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1950-இல் உருவான இந்திய அரிய மணல் நிறுவனம் பிற்பாடு மணவாளக்குறிச்சியிலும் பணியை ஏற்று இன்றும் நடத்துகிறது. ஆகவே பழைய ஆலையின் சுவடுகளைக் கட்டடங்களில் தேடுவதைவிட ஆவணங்களில் தேடுவதே பயன் தரும் என்பது என் கருத்து. 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தாலும், திருவிதாங்கூர் அரசின் பதிவேடுகள் பெரும்பாலும் திருவனந்தபுரத்தின் ஆவணக் காப்பகத்திலேயே உள்ளன. அங்கே சுங்கத் துறைக் கோப்புகளையும் குத்தகைக் கோப்புகளையும் முதலில் கேட்டுப் பாருங்கள்.