பெயரின் மேல் விழுந்த வெடிப்பு

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அம்மப்பாவிடம் சாவி முறுக்கும் கிராமபோன் ஒன்று இருந்தது. இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம் ஓடும். பக்கம் மாற்றும்போது ஊசியையும் மாற்றுவார். மழுங்கிய ஊசி தட்டைக் கீறிவிடும் என்று எங்களைத் தொட விடமாட்டார்.

போர் நெருங்கியதால் 1995 ஒக்டோபர் 30 இரவு வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பாதிக் கூரை இல்லை. தட்டுப் பெட்டி இருந்த இடத்தில் கறையான் புற்று. தட்டு அரக்கில் செய்தது, அதைக் கறையான் தொடவில்லை. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைத்தான் தின்றிருந்தது. இரண்டாகப் பிளக்காமல் கிடைத்தது ஒன்றே ஒன்று, அதிலும் விளிம்பிலிருந்து ஒரு வெடிப்பு.

போன மாதம்தான் நண்பர் வீட்டில் அதை நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் போட்டுக் கேட்டேன். சுற்றுக்கு ஒரு 'டக்'. பெண் குரல், தமிழ்ப் பாட்டு. முடிந்தது என்று ஊசியை எடுக்கப் போனேன், பாடியவர் பேசத் தொடங்கினார். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடுகிற குரல். ஒலிவாங்கி வைத்துப் பதியும் முறை 1925இல்தான் வந்தது. அதற்கு முன் புனலுக்குள் உரக்கச் சொன்னால்தான் பதியும். தன் பேரைச் சொன்னார். நடு எழுத்தில் 'டக்'. பத்துத் தடவை போட்டேன், பத்துத் தடவையும் அதே இடம்.

பாடகி கோஹர் ஜான் 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடிப் பதிந்தபோது கடைசியில் 'மை நேம் இஸ் கோஹர் ஜான்' என்று சொன்னார். பெருமைக்குச் சொன்னது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். மெழுகில் எடுத்த பதிவு அப்போது கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் தட்டாகும். அங்கே வேலை செய்தவர்களுக்கு நம் மொழிகள் தெரியாது. காகிதத்தில் யார் பேரை அச்சடிப்பது என்று அவர்களுக்குச் சொன்ன குரல் அது. கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு ஆலை வந்தது 1908இல்.

என் தட்டில் அந்தக் காகிதம் போய்விட்டது. குரல் இருக்கிறது, நடு எழுத்து இல்லை. யாரம்மா நீ என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது.

* * *

அண்ணை, நீங்கள் எழுதியதை வாசித்தேன். இப்படிப் பேர் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன், ஆனால் தட்டில் இல்லை, தட்டுக்கு முன் வந்த ஃபோனோகிராஃப் உருளையில். அந்த மெழுகு உருளையில் காகிதம் ஒட்ட இடமே இல்லை, பேர் எல்லாம் பெட்டியின் மேல்தான். பெட்டி மாறிப்போனால் பாடியவர் யாரென்று தெரியாது. அதனால் எடுத்த எடுப்பிலேயே பாட்டின் பேர், பாடுபவர் பேர், பிறகு 'கொலம்பியா ஃபோனோகிராஃப் கம்பெனி, நியூயார்க், பாரிஸ்' என்று முழங்குவார்கள். நம் கூத்தில் ராசா வருமுன் கட்டியகாரன் வந்து சொல்வதுதான் ஞாபகம் வந்தது.

ஒன்று சொல்கிறேன், அந்தத் தட்டை இனித் திரும்பத் திரும்பப் போடாதீங்கோ. ஒருதரம் கணினியில் பதிந்து வையுங்கோ, 'டக்'கை அதில் வெட்டிப் பார்க்கலாம். அப்புறம், பாட்டுக் கோடுகள் முடிகிற இடத்துக்கும் காகிதம் இருந்த இடத்துக்கும் நடுவில் அரக்கிலேயே இலக்கம் பொறித்திருப்பார்கள். சில தட்டில் அது காகிதத்துக்கு அடியில் இருக்கும், உங்களுக்கு அது தெரிய வேண்டும். டோர்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கோ. கம்பெனிப் பட்டியலில் அந்த இலக்கத்துக்கு நேரே பாடியவர் பேர் இருக்கும்.

* * *

பிடித்துப் பார்த்தேன் தம்பி. நான்கு இலக்கமும் ஓர் எழுத்தும் தெரிகிறது.