1/35 ஷெர்மன்: விளையாட்டில் வருவது மாதிரி சங்கிலி உருளை வைக்கலாமா?

வடசேரி_75:
நாகர்கோவிலில் கம்பெனி ஆஃப் ஹீரோஸ் என்ற இரண்டாம் உலகப்போர்க் கணினி விளையாட்டை ஆடுகிறவர்கள் சேர்ந்து மாதிரி டாங்கிப் போட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் 2006-ல் வந்த முதல் விளையாட்டு. அதற்குப் புது ஆட்களை இழுக்கத்தான் இந்தப் போட்டி. விதிகள் கொஞ்சம்தான்: விளையாட்டில் வருகிற வண்டியாக இருக்கணும், அளவு 1/35, அடித்தளம் 25 செ.மீ. சதுரத்துக்குள் அடங்கணும். ஒட்டும்போது, பெயிண்டுக்கு முன், பெயிண்டுக்குப் பின் என மூன்று கட்டத்துக்கும் படம் தரணும். ஆறு வாரம் இருக்கு.

நான் எடுத்திருப்பது எம்4ஏ1 ஷெர்மன் என்ற அமெரிக்க டாங்கிக் கிட், 75 மி.மீ. பீரங்கி, வினைல் டிராக். விளையாட்டில் ஷெர்மனுக்குக் கண்ணிவெடி அடிக்கும் சங்கிலி உருளை வாங்கலாம் இல்லையா, அதைச் செய்து முன்னால் மாட்டினால் எடுபடுமா? இன்னொன்று, இப்போது இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை. ஏர்பிரஷ் அடித்தால் வெள்ளை பூக்கிறது, அதற்கு என்ன வழி? அடித்தளத்துக்கு நம்ம ஊர் மண்ணையே போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

தக்கலை_தகடு:
தம்பி, பசையைத் திறக்கும் முன்னே ஒன்றை முடிவு பண்ணுங்க. நீங்க செய்யப்போவது விளையாட்டு ஷெர்மனா, 1944-ல் நார்மண்டியில் ஓடின ஷெர்மனா? எது ஆனாலும் சரி. பாதி அது, பாதி இது என்று போகும்போதுதான் நடுவர் கையை வைப்பார்.

சங்கிலி உருளை விளையாட்டில் அமெரிக்கத் தரப்புக்கு வருகிறது. நிஜத்தில் அது பிரிட்டிஷ் படையின் கருவி, பெயர் கிராப். உருளையில் 43 சங்கிலி. அது ஏறினது ஷெர்மன் 5 மேலே, அதாவது எம்4ஏ4. அந்த வண்டிக்கு ஐந்து கார் எஞ்சினை ஒன்றாகக் கோத்த கிறைஸ்லர் எஞ்சின், அதற்கு இடம் வேணும் என்று உடம்பையே நீட்டியிருந்தார்கள். தகடு பற்றவைத்த உடம்பு, பக்கத்துக்கு 83 டிராக் கட்டை. உங்க எம்4ஏ1 ஒரே வார்ப்பாக வந்த உருண்டை உடம்பு, பக்கத்துக்கு 79 கட்டை. அதில் உருளையை மாட்டினால் விளையாட்டுக்குப் பொருந்தும், வரலாற்றுக்குப் பொருந்தாது. மாட்டுவதாக இருந்தால் "விளையாட்டில் உள்ளபடி" என்று பெயர்ப் பலகையில் எழுதிவிடுங்க. அப்புறம் சேறு, துரு, எண் எல்லாவற்றையும் அதே கணக்கில் வையுங்க. ஆனால் இன்னொரு சிக்கல் இருக்கு. எம்4ஏ1 உடம்பு 1/35-ல் சுமார் 167 மி.மீ. நீளம். அதற்கு முன்னால் சட்டமும் உருளையும் நீட்டினால் 25 செ.மீ. தளத்தில் மண்ணுக்கு இடமே மிஞ்சாது.

என்னைக் கேட்டால் வேலிவெட்டிக் கொம்பு போடுங்க. நார்மண்டியில் வயலுக்கு வயல் நம்ம ஊர் கையாலை மாதிரி மண் திட்டு, அதன் மேல் வேர் பின்னிக் கிடக்கும் புதரும் மரமும். டாங்கி அதில் ஏறினால் மூக்கு மேலே போய் மெல்லிய அடிவயிறு எதிரிக்குத் தெரியும். கொம்பு திட்டைக் குத்திப் பிடித்துக்கொள்ளும், வண்டி ஏறாமல் உடைத்துக்கொண்டு உள்ளே போகும். கர்ட்டிஸ் குலின் என்ற சார்ஜென்ட் பெயரில் வழங்குகிறது. ஜெர்மானியர் கடற்கரையில் நட்டிருந்த இரும்புத் தடைகளையே வெட்டிப் பற்றவைத்தார்கள். 1944 ஜூலை 25-ல் அமெரிக்கப் படை நார்மண்டியை உடைத்து வெளியேறத் தொடுத்த கோப்ரா தாக்குதல் தொடங்கும் வரை அதை வெளியே காட்டாமல் வைத்திருந்தார்கள். ஆக, கொம்பு வைத்த அன்றைக்கே உங்க வண்டிக்குத் தேதி விழுந்துவிடும்: ஜூலை கடைசி அல்லது அதற்குப் பிறகு. மற்ற எல்லாமும் அந்தத் தேதியை ஒட்டி வரணும்.

செய்வது கடினமில்லை. 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் பட்டை வெட்டி இரண்டை 'எல்' வடிவில் ஒட்டினால் இரும்புக் கோணம். நான்கு கொம்பு, ஒரு குறுக்குச் சட்டம், முன் கியர் மூடிக்குக் கீழ்ப்பக்கமாகப் பிடிப்பு. வெட்டு முனைகள் கேஸ் வெல்டிங்கில் அறுத்தது போல் சற்றுக் கோணலாகவே இருக்கட்டும். பற்றவைப்புக் கோட்டுக்கு, ஸ்ப்ரூவை (பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டக் குச்சி) மெழுகுவத்தியில் காட்டி முடிபோல் இழுத்து, மூலையில் வைத்து, நீர்ப்பசை (தண்ணீர்போல் இருக்கும் பிளாஸ்டிக் பசை) தடவி இளகினதும் கத்தி நுனியால் குறுக்கே வரிவரியாக அழுத்துங்க.

விளையாட்டில் 76 மி.மீ. மேம்பாடு இருக்கு, பீரங்கிக் குழலை மட்டும் மாற்றிவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். எம்4ஏ1 76 கோப்ராவில்தான் முதன்முதலாகச் சண்டைக்கு வந்தது. அதற்குக் கோபுரமே வேறு, முன்னால் ஆள் ஏறி இறங்கும் மூடிகளும் பெரியவை.

கிட்டில் விட்டுப்போகிற ஒன்று, பக்கவாட்டுக் கூடுதல் தகடு. உள்ளே குண்டுப் பெட்டிகள் இருக்கும் இடத்துக்கு நேராக வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று, ஒரு அங்குலத் தகடு. 25.4-ஐ 35-ஆல் வகுத்தால் 0.73, அதனால் 0.75 மி.மீ. தகடு சரியாக வரும். எம்4ஏ1-ன் பக்கம் வளைவு, தட்டைத் தகடு ஓரத்தில் தூக்கி நிற்கும். பேனா உருளையில் வைத்துக் கொஞ்சம் வளைத்து ஒட்டுங்க.

வார்ப்புச் சொரசொரப்பை மறக்காதீங்க. மேலுடம்பு, கோபுரம், முன் கியர் மூடி, போகி (சக்கரத் தாங்கி) எல்லாம் வார்ப்பு. புட்டியை நீர்ப்பசையில் தயிர் பதத்துக்குக் கரைத்து, முடி வெட்டின பழைய பிரஷால் குத்திக் குத்தி வையுங்க. ஒரு நாள் காயவிட்டு 600 எண் உப்புத்தாளால் மேடுகளை மட்டும் தேயுங்க. கீழுடம்பின் பக்கமும் அந்த மூன்று தகடும் உருட்டின இரும்பு, அதைத் தொடக்கூடாது. பக்கத்தில் பக்கத்தில் ஒன்று வழவழப்பும் ஒன்று சொரசொரப்பும் இருந்தால்தான் பார்க்கிறவனுக்கு இரும்பு என்று தோன்றும்.

குழித்துறை_மஞ்சணத்தி:
வெள்ளை பூப்பதற்குக் காரணம் தின்னர். அது வேகமாக ஆவியாகும்போது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு குளிர்கிறது. 28 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 85 சதவீதம் இருந்தால் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) சுமார் 25 டிகிரி. மேற்பரப்பு மூன்று டிகிரி இறங்கினாலே காற்றிலிருக்கும் ஈரம் ஈரப் பெயிண்டுக்குள் படிந்துவிடும். அதே சூட்டில் ஈரப்பதம் 60 என்றால் பனிநிலை 19-20, அத்தனை தூரம் குளிராது. ஈரப்பதமானி ஒன்று மேஜையில் இருக்கட்டும். 70-க்கு மேல் காட்டினால் லாக்கர் தின்னரை எடுக்காதீர்கள்.

மழைக்காலத்தில் காலை பதினொன்றுக்கும் மதியம் இரண்டுக்கும் நடுவில் சாரல் விட்ட நேரம் பார்த்து அடியுங்கள். தின்னரில் பத்தில் ஒரு பங்கு ரிட்டார்டர் சேருங்கள், ஆவியாவது தாமதப்படும். ஏற்கெனவே பூத்துவிட்டதா? தேய்க்க வேண்டாம். ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் மிக மெல்லிய மூட்டமாக ஒரு தடவை விட்டால் மேல்தோல் இளகி ஈரம் வெளியேறும், பெரும்பாலும் வெள்ளை போய்விடும். கம்ப்ரஸரில் நீர்ப்பிடிப்பான் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் குழாயில் சேர்ந்த தண்ணீர் நடுவில் ஒரு சொட்டாகத் துப்பும். அது வேறு நோய், ரிட்டார்டருக்குக் கேட்காது.

நிறத்துக்கு டாமியா எக்ஸ்எஃப்-62 ஒலிவ் டிராப். அப்படியே அடித்தால் சிறு வண்டியில் கறுத்துத் தெரியும். நான்கு பங்குக்கு ஒரு பங்கு எக்ஸ்எஃப்-57 பஃப் (வெளிர் மணல் நிறம்) கலந்து தளர்த்துங்கள். பெயிண்ட் ஒரு பங்கு, அதன் சொந்தத் தின்னர் ஒன்றேகால் பங்கு, 0.3 நாசில், 15 பிஎஸ்ஐ. மூன்று மெல்லிய பூச்சு, நடுவில் பத்துப் பத்து நிமிடம். ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் தகடண்ணன் சொன்ன சொரசொரப்பு முழுவதும் அடைந்துபோகும். கோப்ரா சமயத்தில் சில அமெரிக்கப் பிரிவுகளின் டாங்கிகளில் ஒலிவ் மேல் கறுப்புப் பட்டை இருந்தது. கொம்பு வைப்பதாக இருந்தால் அந்தப் பட்டை பொருந்தும். தூய கறுப்பு எடுக்காமல் கரும்சாம்பலாக அடியுங்கள்.

பூச்சு காய, அட்டைப் பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு, மாதிரியிலிருந்து ஒரு அடி தள்ளி. உள்ளே 45 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். வினைல் டிராக்கும் மெல்லிய கைப்பிடிகளும் முதலில் வளைந்துவிடும்.

பார்வதிபுரம்_பெட்டி:
ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் லிட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறதே, கலக்க அதையே வைத்துக்கொள்ளலாமே?

குழித்துறை_மஞ்சணத்தி:
ஏர்பிரஷைக் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் டொலுயீனும் எஸ்டர்களும் இருக்கும், பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். சற்று ஈரமாக விழுந்தாலே ரிவெட் மழுங்கும். டாமியா அக்ரிலிக்கை மலிவாகக் கரைக்க வேண்டுமென்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். ஆனால் அதுவும் வேகமாக ஆவியாவதுதான், மழை நாளில் ரிட்டார்டர் இல்லாமல் வேண்டாம்.

தக்கலை_தகடு:
டிராக் பற்றி ஒன்று. பெட்டியில் இருப்பது 'வி' வடிவ மேடு வைத்த கட்டையா என்று பாருங்க. இருந்தால் அது பெரும்பாலும் டி48 ஆக இருக்கும், அது ரப்பர். நிறையப் பேர் இதற்குத் துரு நிறம் அடித்துவைக்கிறார்கள். ரப்பர் துருப்பிடிக்காது. கட்டைக்கு மங்கின கரும்சாம்பல், ஓரத்து இணைப்புக் கண்ணிகளுக்கு மட்டும் இரும்பு மினுக்கம். இதே 'வி' மேடு இரும்பில் டி54இ1 என்று தனியாக இருக்கு, அதற்குத்தான் துரு. தொய்வும் வேண்டாம். ஜெர்மன் டாங்கி பான்சர் 4-ல் மேல் டிராக் உருளைக்கு உருளை தொங்கும், ஷெர்மனில் பின்சக்கரத்தைத் தள்ளி இறுக்கிவைத்திருப்பார்கள்.

வினைலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அக்ரிலிக் மட்டும் அடியுங்க. சாதாரணப் பிளாஸ்டிக் பசை பல கிட்டுகளின் வினைலில் பிடிக்காது, ஊசியைச் சுட்டு முனையை அழுத்தி மூடுவதே மேல். பழைய கிட் என்றால் வினைலிலிருக்கும் இளக்கி கசிந்து, தொடும் சக்கரத்தை வருஷக்கணக்கில் தின்றுவிடும். சக்கரத்துக்குப் பெயிண்டும் வார்னிஷும் நன்றாக ஏற்றின பிறகு மாட்டுங்க.

குளச்சல்_கரைமடி:
மண்ணுக்கு வருகிறேன். மணவாளக்குறிச்சி, சின்னவிளை பக்கத்துக் கருமணலை எடுத்துவிடாதீங்க மக்கா. மினுமினு என்று அழகாத்தான் இருக்கும். ஆனால் அதில் இல்மனைட், கார்னெட்டோடு மோனசைட்டும் இருக்கு. மோனசைட்டில் தோரியம், கதிரியக்கம் உள்ளது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து சலிப்பதும், தேய்த்துத் தூசி கிளப்புவதும் தேவையில்லாத வேலை. சும்மா கடல்மணலும் ஆகாது, உப்பு ஈரத்தை இழுத்துப் பசையின் மேல் வெள்ளையாகப் பூக்கும்.

நம்ம செம்மண்ணும் நிறத்துக்கு ஒத்துவராது. நார்மண்டி வண்டியில் செங்கல் நிறப் புழுதி படிந்தால் அது வேற நாட்டு வண்டி. வயல் வண்டல் எடுங்க. வாணலியில் பத்து நிமிஷம் வறுத்தால் பூஞ்சையும் முட்டையும் சாகும். பழைய வேட்டித் துணியில் சலித்து, மெல்லியதை மட்டும் வெள்ளைப் பசையும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து பிசையுங்க. நிறம் போதாவிட்டால் மேலே காவிக்கு மாறாமல் சாம்பல்பழுப்பு அக்ரிலிக் தெளிச்சாப் போதும்.

கையாலைத் திட்டுக்குத் தெர்மாக்கோல், உயரம் 35-லிருந்து 40 மி.மீ. அதாவது நிஜத்தில் சுமார் 1.2-லிருந்து 1.4 மீட்டர். தெர்மாக்கோல் மேல் நேரடியாக லாக்கர் பட்டால் கரைந்து குழி விழும், முதலில் பசை கலந்த மண்ணால் மூடுங்க. வேருக்கும் காய்ந்த புல்லுக்கும் நம்மகிட்ட தும்பு (தேங்காய் நார்) இருக்க வேற எதுக்கு? கதம்பையிலிருந்து உரித்ததை அப்படியே வைத்தால் மழையில் பூஞ்சை பிடிக்கும். இரண்டு தடவை கொதிக்கவைத்துக் காயவைத்து, பச்சைச் சாயம் ஏற்றி, 10 மி.மீ. நீளத்துக்கு நறுக்கி நடுங்க. 1/35-ல் ஆள் உயரமே 50 மி.மீ. தான். புல் 10 மி.மீ.க்கு மேல் போனால் கரும்புக்காடு மாதிரி ஆகிவிடும்.

சக்கரத்தின் ரப்பர் விளிம்பில் பெயிண்ட் படாமல் மறைக்க ரப்பர் பால் நல்லது. மரத்திலிருந்து எடுத்த பச்சைப் பால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும், அமோனியா கலந்ததாக வாங்குங்க. பிரஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துவிட்டுத் தொடுங்க, இல்லாட்டி முடி ஒட்டிப்போகும். பால் காய்ந்து கண்ணாடி மாதிரி தெளிந்ததும் பெயிண்ட், பெயிண்ட் தொட்டால் ஒட்டாத பதத்தில் உரித்துவிடணும். இரண்டு நாள் விட்டால் அடிப்பூச்சையும் சேர்த்து இழுக்கும். பித்தளைப் பாகங்களில் மட்டும் தடவாதீங்க, அமோனியா பித்தளையைக் கறுக்கடிக்கும்.

வடசேரி_75:
ரொம்ப நன்றி. உருளையை விட்டேன், கொம்புதான். பட்டையும் போடுகிறேன். டெக்கல் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் படம்) நட்சத்திரம் கோபுரத்தில் ஒட்டினதும் ஓரத்தில் வெள்ளிபோல் மினுங்குமே, சொரசொரப்பு மேல் இன்னும் மோசமாகாதா? படம் விளையாட்டில் தெரிகிற கோணத்தில் எடுக்கணுமாம், அதற்கு என்ன செய்யலாம்?

குழித்துறை_மஞ்சணத்தி:
மினுங்குவது டெக்கலுக்கு அடியில் மாட்டிய காற்று. மேட் பூச்சு கரடுமுரடு, அதனால் காற்று தங்கும். பளபளப்பு வார்னிஷ் இரண்டு பூச்சு, ஒரு நாள் இடைவெளி, பிறகு டெக்கல். வெதுவெதுப்பான தண்ணீர், டெக்கல் இளக்கித் திரவம், ஈரப் பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றுங்கள். இன்னும் மினுங்கினால் ஊசியால் குத்தி மறுபடி திரவம். கோபுர நட்சத்திரம் நல்ல குறியாகிறது என்று குழுவினரே பெயிண்டால் மறைத்ததும் உண்டு. அதனால் ஒன்றிரண்டை மெல்லிய ஒலிவ் பூச்சால் பாதி மறைத்தாலும் சரிதான். எண்ணெய் வாஷ் (நீர்த்த எண்ணெய்ப் பெயிண்டை இடுக்குகளில் ஓடவிடுவது) அதற்குப் பிறகு, கடைசியாக மேட் வார்னிஷ்.

படத்துக்கு, கேமரா வண்டிக்கு மேலே சுமார் 45 டிகிரி சாய்வில். போனை அருகில் கொண்டுபோகாமல் ஒரு மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள், முன்பாகம் பெருத்துத் தெரியாது. கேமரா என்றால் எஃப்/11, ஸ்டாண்டு, டைமர். ஜன்னல் வெளிச்சத்துக்குக் குறுக்கே வெள்ளை வேட்டி, எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை. முதல் கட்டப் படத்தைப் புட்டி காய்ந்ததுமே எடுத்துவிடுங்கள். பெயிண்ட் ஏறின பிறகு அந்த 0.75 தகட்டையும் இழுத்த ஸ்ப்ரூவையும் நடுவருக்குக் காட்ட வழியில்லை.