‘பாஸ் அவுட்’: படித்து முடித்ததா, மயங்கி விழுந்ததா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
என் தங்கை அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு எழுதியுள்ள விண்ணப்பத்தில், பி.காம். முடித்ததைக் குறிக்க ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2021’ என்று போட்டிருக்கிறாள். அதற்கு ‘2021இல் மயங்கி விழுந்தேன்’ என்றுதான் பொருள் என்கிறாள் அவளுடைய தோழி. இங்கே ஆள் எடுக்கும் விளம்பரங்களிலேயே ‘2023 பாஸ் அவுட்’ என்றுதான் அச்சிடுகிறார்கள். மலையாளிகளும் அப்படியே சொல்கிறார்கள். எது சரி என்று விளக்குவீர்களா?

பதில் 1 (பாலக்காடு, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்):
தோழி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கரின் காதில் அந்தச் சொல் முதலில் மயக்கமாகவோ, குடித்துவிட்டு நினைவிழந்து கிடப்பதாகவோதான் விழும். நாம் வழக்கமாகச் சேர்க்கும் ‘ஃப்ரம்’ குழப்பத்தைக் கூட்டுகிறது. ‘ஷீ பாஸ்டு அவுட் ஃப்ரம் த ஹீட்’ என்றால் வெயில் தாங்காமல் மயங்கினாள் என்று பொருள்; அதே வாய்பாட்டில் ‘ஃப்ரம் காலேஜ்’ என்று எழுதினால், கல்லூரியே மயக்கத்துக்குக் காரணம் என்று வேடிக்கையாகப் படிக்கவும் இடமுண்டு. (சில கல்லூரிகளைப் பொறுத்தவரை அதுவும் பொய்யில்லை!) வினாத்தாள் போன்றவற்றை வரிசையாகக் கொடுப்பதற்கும் இதே வினை உண்டு. அப்போது செயப்படுபொருள் வரும். அது ‘தெம்’ போன்ற பிரதிப்பெயராக இருந்தால் ‘பாஸ் தெம் அவுட்’ என்று நடுவில்தான் நிற்க வேண்டும்.

பதில் 2 (மீனாட்சிபுரம், முன்னாள் படைவீரர்):
ஆசிரியர் ஐயா சொல்லாமல் விட்ட பொருள் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், படைப் பயிற்சியை முடித்து வெளியேறுவதும் ‘பாஸ் அவுட்’தான். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும், கண்ணூர் மாவட்டத்து ஏழிமலைக் கடற்படை அகாடமியிலும் பயிற்சியின் நிறைவில் நடக்கும் அணிவகுப்பை இன்றும் ‘பாஸிங் அவுட் பரேடு’ என்றே அழைக்கிறார்கள். ஆகவே நம் வழக்கை வெறும் பிழையென்று தள்ளிவிட முடியாது. படைக்கு உரிய சொல்லை இந்திய ஆங்கிலம் கல்லூரிக்கும் விரித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

பதில் 3 (வாளையார்):
உள்ளூர் வேலைக்கு ‘2021 பாஸ் அவுட்’ என்றே இருக்கட்டும், யாரும் தவறாகக் கொள்ள மாட்டார்கள். அமெரிக்காவுக்குப் போகும் தாளில் மட்டும் ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2021’ என்று மாற்றச் சொல்லுங்கள். படிப்பு பாதியில் நிற்கிறது என்றால் அந்தச் சொல் பொருந்தாது. பட்டம் பெற்றிருந்தால்தான் எழுதலாம். இன்னொன்று, அவசரத்தில் ‘அவுட்’டுக்குப் பதில் ‘அவே’ என்று விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘பாஸ் அவே’ என்றால் காலமாவது.