கர்ட் கோபெய்னுக்கு அஞ்சலிப் பாட்டு: சாயல் வேணும், காப்பி கூடாது

கேள்வி: நிர்வாணா இசைக்குழுவோட பாடகர் கர்ட் கோபெய்னுக்கு ஒரு அஞ்சலிப் பாட்டு பண்றேன். கிட்டாரும் குரலும் மட்டும்தான். ட்யூனிங் எப்படி வைக்கலாம்? அவரோட போதைப்பழக்கம், மரணம் இதையெல்லாம் வரியில எவ்வளவு தொடலாம்?

பதில் 1: ஆறு கம்பியையும் அரை சுரம் இறக்குங்க. அப்புறம் தடிச்ச கம்பியை மட்டும் இன்னும் ஒரு முழு சுரம் இறக்கினா சி ஷார்ப். பவர் கார்டை (மூல சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் சேர்ந்தது) ஒரே விரலால அழுத்திடலாம். கம்பி தளர்ந்து அதிரும், அதனால 11 செட் (கொஞ்சம் தடிச்ச கம்பிகள்) போடுங்க. ஆம்ப்ல கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) கூட்டினா அடிச்சுரம் கூழாயிடும். சரணத்துக்கு டிஸ்டார்ஷன் (கரகரப்பு) வேண்டாம், கோரஸ்ல அந்தப் பெடலை மிதிங்க. எஃப், பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட் வரிசை மட்டும் வேண்டவே வேண்டாம். நிர்வாணாவோட 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்'னு உடனே தெரிஞ்சிடும்.

பதில் 2: 27 வயசு, சியாட்டில், 1994 ஏப்ரல். இதை அடுக்கினா இரங்கல் செய்தி ஆயிடும். 1993 நவம்பர்ல நிர்வாணா வாசிச்ச எம்டிவி அன்ப்ளக்ட் நிகழ்ச்சி மேடையை எடுத்துக்குங்க: அவர் கேட்டு வாங்கின லில்லிப் பூ, கறுப்பு மெழுகுவத்தி, மேல பழைய கார்டிகன். ஒரு சரணத்துக்குத் தாராளம். இறந்த விதத்தை விவரிக்காதீங்க, அழகாக்கவும் வேண்டாம். அதே வலியில இருக்கிறவங்களும் கேட்பாங்க. கடைசிக் கடிதத்து வரி ஒண்ணுகூட வேண்டாம்.

பதில் 3: ஆர்.இ.எம். இசைக்குழு அவர் நினைவா 1994ல பண்ணின 'லெட் மீ இன்' கேளுங்க. பாட்டுல அவர் பேரே வராது. இரைச்சலான கிட்டார்தான் பாட்டைத் தாங்குது. உங்க அமைப்புக்கும் அது போதும்.