புரொப்பேன் கசிந்தால் வால்வை யார் போய் மூடுவது?

தென்றல்77:
எங்கள் ஆலையில் புரொப்பேன் (அழுத்தத்தில் திரவமாக வைத்திருக்கும் எரிவாயு) டேங்க்குகளின் அடிக்குழாயில், கன்ட்ரோல் ரூமிலிருந்தே மூடும் வால்வு போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். செலவு வீண் என்கிறார்கள் மேலே. உங்கள் கருத்து?

கொதிகலன்:
நானும் வீண் என்றே சொல்வேன். 1966 ஜனவரியில் பிரான்சின் ஃபேசின் சுத்திகரிப்பு ஆலையில், புரொப்பேன் ஸ்பியரின் (உருண்டை வடிவ டேங்க்) அடியிலிருந்து தண்ணீர் வடித்த ஆபரேட்டர் இரண்டு வால்வுகளையும் தப்பான வரிசையில் திறந்தார். அவ்வளவுதான் காரணம். ஆளுக்குப் பயிற்சி கொடுங்கள், கருவியில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

மின்மினி:
அவ்வளவுதானா? தண்ணீர் வடித்த குழாயில் இருந்த அடைப்பு திடீரென்று விலகித் திரவம் பீறிட்டது. வால்வின் கைப்பிடி கழன்று வந்தது, திரும்ப மாட்ட முடியவில்லை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கிறது, வெளியே வந்தால் வால்வையே உறைய வைத்துவிடும். எத்தனை பயிற்சி பெற்றவரானாலும் அங்கே நின்று என்ன செய்வார்? காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு தரையோடு தவழ்ந்து சாலை வரை போனது, ஒரு காரில் பற்றிக்கொண்டது. தீயணைப்பு வீரர்கள் சேஃப்டி வால்வு (அழுத்தம் மிகுந்தால் திறந்து வாயுவை வெளியேவிடும் வால்வு) காப்பாற்றும் என்று நம்பி, பக்கத்து ஸ்பியர்களைக் குளிர்விப்பதில் இறங்கினார்கள். திரவ மட்டத்துக்கு மேலே உள்ள இரும்பு தீயில் இளகினால், சேஃப்டி வால்வு திறந்திருந்தாலும் ஸ்பியர் கிழியும். கிழிந்தது. 18 பேர் இறந்தார்கள். முதல் சில நிமிடங்களில் தூரத்திலிருந்து அடைக்க வழி இருந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

கொதிகலன்:
உணர்ச்சிவசப்படாதீர்கள். ரிமோட் வால்வும் கெடும். பொய் சிக்னலில் மூடிக்கொண்டு பிளான்ட்டையே நிறுத்தும். நாலு தடவை அப்படி நின்றால் ஷிப்டில் இருப்பவரே அதைச் செயலிழக்க வைத்துவிடுவார், நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைப் பாருங்கள்: மோசமான நிலைக்கான கணக்கில், டேங்க்கிலுள்ள முழு அளவும் 10 நிமிடத்தில் வெளியேறுவதாகத்தான் எடுக்கச் சொல்கிறது. உங்கள் ரிமோட் வால்வுக்கு அங்கே மதிப்பே இல்லை.

மின்மினி:
அந்தக் கணக்கு ஊர் எவ்வளவு தூரம் பாதிக்கப்படும் என்று அறிவதற்கு. அதே விதியில் நடக்கக்கூடிய விபத்துக்கான இன்னொரு கணக்கு உண்டு, அதில் இந்த வால்வையும் சேர்த்துக்கொள்ளலாம். செயலிழக்க வைக்கிறார்கள் என்பது நிர்வாகத்தின் கோளாறு, வால்வின் கோளாறு அல்ல.
யாரும் எதையும் தொடாமல் நடந்த விபத்தும் இருக்கிறது. 2007 பிப்ரவரி, டெக்சாஸின் மெக்கீ சுத்திகரிப்பு ஆலை. பல வருடமாகப் பயன்படாமல் கிடந்த ஒரு குழாய்த் துண்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. குளிரில் உறைந்து குழாய் விரிசல் விட்டது, பனி உருகியதும் புரொப்பேன் பாய்ந்து தீப்பிடித்தது. கையால் மூடும் வால்வுகளை நெருங்க முடியவில்லை. ரிமோட் வால்வு போட வேண்டும் என்று 1996லேயே அங்கே பரிந்துரைத்திருந்தார்கள். போடவே இல்லை, ஆனால் காகிதத்தில் வேலை முடிந்ததாக எழுதி மூடிவிட்டார்கள். விசாரணையில் வெளிவந்தது இது.

தென்றல்77:
கடைசி வரி எனக்குத் திக்கென்றது. எங்கள் பரிந்துரையும் அப்படி மூடப்படலாம்.

கொதிகலன்:
அந்தக் குழாயை அறுத்து மூடியிருந்தால் வால்வே தேவைப்பட்டிருக்காது. முதலில் அதைச் செய்யுங்கள். டேங்க்கில் இருக்கும் அளவையும் குறைக்க முடியுமா பாருங்கள்.

மின்மினி:
இதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் எந்தத் துண்டை அறுப்பது என்று தெரிவது ஆய்வு நடந்த பிறகுதான், தெரியாமல் விட்டது ஒன்று எப்போதும் எங்காவது இருக்கும். தென்றல், இடத்தைக் கவனியுங்கள்: வால்வு டேங்க்கை ஒட்டி இருக்க வேண்டும், தீயிலும் தாங்க வேண்டும், அதை இயக்கும் காற்றோ மின்சாரமோ நின்றால் தானாக மூட வேண்டும். ஸ்பியராக இருந்தால் அடித்தளம் சரிவாக இருக்கிறதா பாருங்கள். கசிந்த திரவம் அடியிலேயே குளம் கட்டக்கூடாது.

கொதிகலன்:
குறிப்பிட்ட இடைவெளியில் மூடிச் சோதிப்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் இதற்கு ஒப்ப மாட்டேன்.

தென்றல்77:
சேர்த்து எழுதுகிறேன். பரிந்துரையை "முடிந்தது" என்று மூட, வால்வு மூடிய சோதனைப் பதிவு வேண்டும் என்றும் கேட்கப் போகிறேன்.